துவக்குக்கு வைத்த பொட்டு

வலப்பனைக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறினால் ஊசிப்பாறைத் தோட்டம். அந்தத் தோட்டத்து ஆண்டியப்பனைக் கெட்டவன் என்று எவனாவது சொன்னால் சொன்னவன் நாக்கு அழுகிப் போகும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒருத்தரை ஏய்த்தது கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் இரும்பு. தேயிலைத் தொழிற்சாலையில் அவன் பிட்டர். எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வேலை விட்டு லயத்துக்கு, தோட்டத்துச் சனங்களின் வரிசை வீடுகளுக்கு, வந்தாலும் கை சும்மா இராது. பக்கத்து வீட்டுப் பூட்டு, கங்காணி வீட்டுச் சுவர்க் கடிகாரம், தையல் மெஷின் என்று எதையாவது பிரித்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். யாரும் கேட்கவும் வேண்டாம், கூலியும் வேண்டாம். லயத்துக் காம்பரா என்கிற அந்த ஒற்றை அறையே கை நீட்டினால் சுவர் இடிக்கிற அளவுதான். அதில் பாதியை இரும்புக்குக் கொடுத்துவிட்டு மீதியில் அவனும் அவன் பெண்சாதி அம்மாக்கண்ணுவும் குடித்தனம் நடத்தினார்கள். பிள்ளை இல்லை.

"உங்க ஆத்தா உங்களப் பெத்தாங்களா, இல்ல பட்டறையில அடிச்சு எடுத்தாங்களா?" என்று கேட்பாள் அம்மாக்கண்ணு.

"அடிச்சுத்தான் எடுத்தாங்க. அதான் உன் வாய்க்குத் தாங்கி நிக்கிறேன்."

அவள் வாய்க்காரிதான். ஆனால் கை இருக்கிறதே, அதுதான் கை! கொழுந்து மலையில் அவளோடு நிரை பிடிக்க ஒருத்தியும் முன்வர மாட்டாள். இரண்டு கையும் செடி மேல் விழுவதும் தெரியாது, எழுவதும் தெரியாது, கூடை நிறைந்திருக்கும். இழுக்க மாட்டாள், பிய்க்க மாட்டாள். விரல் பட்டால் கொழுந்து தானாக ஒடிந்து வரும்.

இரண்டு பேருக்கும் இருந்த ஒரே கவலை மனு. நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் வந்துவிட்டது. இருக்க வேண்டுமானால் மனுப் போடு, நீயும் உன் பெண்சாதியும் நாட்டை விட்டு எங்கும் போகாமல் இங்கேயே கிடந்தோம் என்று ரூபித்துக் காட்டு என்றார்கள். என்ன அநியாயம்! ஆண்டியப்பன் பிறந்தது ஊசிப்பாறை ஐந்தாம் நம்பர் லயத்தில். கடல் எப்படி இருக்கும் என்று கூட அவனுக்குத் தெரியாது. அவனைப் போய் இந்தியாக்காரன் என்றால்? ஐம்பத்தோராம் வருசம் மனுப் போட்டுவிட்டு, விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். தோட்டத்துப் பெரிய தொரை கைப்பட ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தால் விசாரணையில் மறுபேச்சு இருக்காது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். தொரையிடம் போய் அதை யார் கேட்பது?

ஐம்பத்தாறாம் வருசம் ஆடி மாதத்தில் தொரையே கூப்பிட்டு அனுப்பினார். தலைமயிர் செம்பட்டையாக இருந்ததால் அவருக்குச் செம்பட்டைத் தொரை என்று பேர். பங்களாவின் பின்கட்டில் ஒரு நீளச் சாக்கு மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு பழைய துவக்கு, வேட்டைத் துப்பாக்கி. தொரையின் அப்பா காலத்துச் சாமான். ஈரம் இறங்குகிற அறையில் வருசக்கணக்காகக் கிடந்து குழல் முழுக்கத் துரு. கட்டையில் பூசணம்.

"ஆண்டியப்பா, நான் மார்கழி மாசம் கப்பல் ஏறிப் போகும். திரும்பி வராது. இது எங்க அப்பா துவக்கு. நீ இதுக்குச் சரி பண்ணு" என்றார் தொரை.

ஆண்டியப்பனுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டான். "தொரைங்க, மனு விசாரணைக்கு ஒரு கடுதாசி..."

"துவக்கு குடு. கடுதாசி வாங்கிக்கோ" என்று தொரை சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்டியப்பன் துவக்கைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவான். லயத்தின் பின்பக்கம், கோழிக்கூட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டு உட்காருவான். உடைந்த கண்ணாடித் துண்டால் கட்டையில் இருந்த பழைய வார்னிசைச் சுரண்டி எடுத்தான். அடியில் இருந்து நல்ல மரம் வெளியே வந்தது. வரி வரியாக, பாகு நிறத்தில். "இதப் பாரு புள்ள, இதப் பாரு" என்று அடுப்படியில் இருந்தவளை இழுத்துவந்து காட்டினான். குழலை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, செங்கல் பொடியைத் துணியில் தொட்டு, துருவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தான். அவசரப்படவே இல்லை. கட்டைக்கு லின்சீட் எண்ணெய். துணியில் தொட்டுத் தேய்த்தால் அவனுக்குத் திருப்தி வராது, உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்தான்.

"கட்டி இருபது வருசமாச்சு. என் முதுகுல ஒரு நாள் எண்ணெய் தேச்சு விட்டிருப்பீங்களா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"நீயும் பூசணம் பிடிச்சுக் கெட. தேய்க்கிறேன்."

அவள் கையிலிருந்த அகப்பையை ஓங்கினாள். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தோசம். மனுப் போட்ட நாளிலிருந்து அந்த முகம் அப்படித் தெளிந்து அவள் பார்த்ததில்லை. கடுதாசி ஒரு பக்கம் கிடக்கட்டும். இந்த வேலைக்காகக் கடுதாசியே இல்லை என்றாலும் அவன் உட்கார்ந்திருப்பான். அதுதான் உண்மை.

புரட்டாசி பிறக்கும்போது துவக்கு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. தொரை இரண்டு தோட்டா கொண்டுவந்து, ஒன்றைப் பங்களாவுக்குப் பின்னால் கல்மேட்டில் சுட்டுப் பார்த்தார். குறி தப்பவில்லை. ஆனால் விசை கனம். இழுக்கிற இழுப்பில் துவக்கே ஆடியது. அதையும் பார்க்கிறேன் என்று மிச்சத் தோட்டாவையும் துவக்கையும் ஆண்டியப்பன் வாங்கிக்கொண்டு வந்தான்.

விசையைக் கழற்றி, உள்ளே ஒன்றை ஒன்று கவ்வுகிற இடத்தை எண்ணெய்க் கல்லில் தேய்த்தான். எவ்வளவு தேய்ப்பது? அதுதான் கேள்வி. அவன் விரல் ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப் போன விரல், அதற்கு நயம் தெரியாது. அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டான். வெறும் துவக்கைப் பிடித்துக்கொண்டு, "கொழுந்து ஒடிக்கிற மாதிரி இழுத்துச் சொல்லு புள்ள" என்றான். அவள் இழுத்துப் பார்த்தாள்.

"ஐயையே, இது முத்துன எலைங்க."

மறுபடி தேய்த்தான். அடுத்த ஞாயிறு மறுபடி இழுத்தாள். "இப்ப பரவால்ல. இருந்தாலும் இன்னும் நார் இருக்கு." மறுபடியும் தேய்த்தான். மூன்றாம் ஞாயிறு அவள் விரல் பட்டதுதான் தாமதம், டிக் என்றது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதாங்க! நல்ல மழைக்குப் பொறகு வர்ற கொழுந்து!" ஆண்டியப்பன் தலைகால் தெரியாமல் குதித்தான். ஒரு துவக்குக்கு அந்த இளக்கம் ஆகாது என்று சொல்ல அங்கே யார் இருந்தார்கள்? அவர்களுக்குத் தெரிந்த நயம் தேயிலையின் நயம்தான்.

அடுத்த வாரம் துவக்கைக் கொடுத்துக் கடுதாசி வாங்க வேண்டும். இடையில் ஆயுத பூசை வந்தது.

கோயிலில் பொதுப் பூசை. அதற்கு முன்னால் அவரவர் வீட்டில் அவரவர் ஆயுதத்துக்கு. லயத்தில் முக்கால்வாசிப் பேர் கோயிலுக்குப் போய்விட்டார்கள், அங்கே அதிர்வேட்டு முழங்கிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு காம்பராவை மெழுகிக் கோலம் போட்டு, பலகையில் எல்லாவற்றையும் அடுக்கினாள். ஸ்பேனர், அரம், கவ்வாத்துக் கத்தி, அவள் கொழுந்துக் கூடை. நடுவில் துவக்கு. கூடையில் ஒரு பிடி கொழுந்து போட்டாள். படியில் அரிசி நிரப்பினாள். செம்பில் தண்ணீர் நிரப்பினாள். சாமி முன்னால் எதையும் வெறுமையாக வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வெறுமையாக வைத்தால் வருசம் முழுக்க வெறுமைதான்.

"துவக்க மட்டும் வெறுமையா வச்சிருக்கீங்களே?" என்றாள்.

ஆண்டியப்பன் யோசித்தான். யோசிக்கத்தான் செய்தான். பிறகு பெட்டியில் இருந்த அந்த ஒற்றைத் தோட்டாவை எடுத்துப் போட்டுப் பூட்டினான். சாமிக்குத்தானே, பூசை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தான்.

பிறகு பொட்டு. எந்த ஆயுதத்துக்கும் அது வேலை செய்கிற இடத்தில்தான் பொட்டு வைப்பார்கள். கத்திக்கு வாயில், ஸ்பேனருக்குத் தாடையில், கூடைக்கு விளிம்பில். துவக்கு வேலை செய்கிற இடம் எது? விசைதான். துவக்கு வழவழவென்று பலகையில் நழுவியது. "பிடி புள்ள" என்றான். அவள் குழலின் வாயை வலது கைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பொத்திப் பிடித்தாள். அவன் மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு, பயபக்தியோடு விசையில் வைத்தான்.

கீழே கோயிலில் இருந்தவர்கள் அதையும் ஒரு அதிர்வேட்டு என்றுதான் நினைத்தார்கள்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரியை நோக்கி அவன் ஓடிய ஓட்டத்தைச் சொல்ல வேண்டாம். வலது கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இல்லை. டிஸ்பென்சர் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே தொரை வந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ஆண்டியப்பனிடம் சொன்னார்.

"லைசென் இல்லாத ஆளுக்கு நான் துவக்கு குடுத்தது தெரிஞ்சா போலீஸ் வரும். நான் கப்பல் ஏற முடியாது. நீ மறியலுக்குப் போகும், ஜெயிலுக்கு. இவ தொழிற்சாலையில கொழுந்து உருட்டுற ரோலருக்குப் பொட்டு வைக்கப் போச்சு, ரோலர் கைய இழுத்துருச்சு. அப்படிச் சொல்லு. நான் கடுதாசி குடுக்கும்."

ஆண்டியப்பனுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கட்டிலில் கிடந்த அம்மாக்கண்ணுதான் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"சரின்னு சொல்லுங்க. கடுதாசிய வாங்குங்க."

தொரை வாக்குத் தவறவில்லை. மறுவாரமே கடுதாசி வந்தது. ஆண்டியப்பனும் அவன் பெண்சாதியும் நல்லவர்கள், நெடுங்காலமாக இந்தத் தோட்டத்திலேயே இருப்பவர்கள் என்று அழகான கையெழுத்து. தொரை துவக்கோடு கப்பல் ஏறினார்.

அதற்குப் பிறகு அம்மாக்கண்ணு பட்டது கொஞ்சநஞ்சமல்ல. கொழுந்து பறிக்க முடியாதவள் பேர் செக்ரோலில், தோட்டத்து ஆள் கணக்கில், எதற்கு? வெட்டிவிட்டார்கள். தண்ணீர்ப் பீலியில் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். "ஓடுற மிசினுக்கு எவளாவது பொட்டு வைப்பாளா? இவ ரோலருக்குக் கைய குடுத்த மவராசி." வாயாடி அம்மாக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. குடத்தை இடது கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள். பக்கத்துக் காம்பரா ராக்காயிக்குக் கூட அவள் உண்மையைச் சொல்லவில்லை.

காலையில் ஆண்டியப்பன்தான் அவளுக்குத் தலை சீவிக் கொண்டை போட்டுவிடுவான். அவளாகப் போட்டால் அவிழ்ந்து விழுந்துவிடும். உன்னால்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தேறியிருப்பான். நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சொல்லவே இல்லை. நாலு வருசம் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மௌனம் அவனை அரித்துத் தின்றது.

அறுபதாம் வருசம் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கடுதாசியை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு இருவரும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார்கள். நீண்ட ஒரு அறை. மேசைக்குப் பின்னால் விசாரணை செய்யும் ஐயா, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். ஐயா கடுதாசியைப் படித்தார், தலையை ஆட்டினார். ஆண்டியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அவர் வேறு ஒரு தாளைப் புரட்டி அம்மாக்கண்ணுவைப் பார்த்தார்.

"ஐம்பத்தாறுக்குப் பிறகு உன் பேர் செக்ரோலில் இல்லை. எங்கே போயிருந்தாய்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"எங்கயும் போகலைங்க. லயத்துலதான் இருந்தேன். கை போனதால பேர வெட்டிட்டாங்க."

"கை எப்படிப் போனது?"

"ரோலர்லங்க."

ஐயா இன்னொரு தாளை எடுத்தார். தொழிற்சாலை விபத்துப் புத்தகத்தில் அப்படி ஒரு விபத்தே பதியப்படவில்லை என்று இப்போதைய தொரை எழுதி அனுப்பியிருந்தார். பதிந்தால் விசாரிக்க ஆள் வரும் என்று செம்பட்டைத் தொரை பதியாமலே விட்டிருக்கிறார். டிஸ்பென்சரின் பழைய புத்தகங்களோ ஈரத்தில் மக்கிப் போயிருந்தன. ரேஷன் கூப்பனில் அரிசி வாங்கியிருக்கிறோமே என்றாள் அம்மாக்கண்ணு. அதை உன் பேரில் யாரும் வாங்கலாம் என்றார்கள்.

"நீ இந்தியாவுக்குப் போயிருக்கிறாய். அங்கே எங்கேயோ கையை இழந்துவிட்டு வந்து பொய் சொல்கிறாய்."

"ரோலர்லதாங்க" என்றாள் அவள்.

ஐயா பேனாவை மேசையில் போட்டுவிட்டுச் சலிப்போடு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே தமிழில் சொன்னார். "இவள் பச்சைப் பொய்க்காரி. சரி, அந்த வருசங்களில் இவள் தோட்டத்தில் இருந்ததைக் கண்ட சாட்சிகள் இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள். அடுத்த மாதம் தேதி தருகிறேன்."

இரண்டு சாட்சி! லயமே வந்து சாட்சி சொல்லியிருக்கும். ராக்காயி ஒருத்தி போதாதா? ஆனால் ஆண்டியப்பன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. பொய்க்காரி. நாலு வருசம் அவனுக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவளை, அவன் எதிரிலேயே, பொய்க்காரி என்கிறார்கள்.

"அவ பொய்க்காரி இல்லைங்க!" என்று கத்திவிட்டான். "நான்தாங்க சுட்டேன். தொரை துவக்கு. தொரைதாங்க ரோலர்னு சொல்லச் சொன்னாரு!"

அம்மாக்கண்ணு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் நிறுத்தவில்லை. விசை, தோட்டா, பொட்டு எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினான். ஐயா கேட்டு முடித்தார். பிறகு கடுதாசியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"அப்படியானால் உன் தொரை பொய் சொல்லச் சொன்னவர். அந்தப் பொய்யைச் சொன்னதற்காகத்தான் இதைக் கொடுத்தாரா?"

"ஆமாங்க" என்றான் ஆண்டியப்பன். உண்மைதானே!

ஐயா கடுதாசியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். மனுவை மூடினார். நாள் தருவதாகச் சொன்ன பேச்சே பிறகு இல்லை. அம்மாக்கண்ணு மேசையருகே போய்த் தன் வலது கையை நீட்டினாள்.

"ஐயா, அந்த ரெண்டு வெரலையும் இவருதான் துணியில சுத்தி அஞ்சாம் நம்பர் மலையில பொதைச்சாரு. நான் இங்கதாங்க இருந்தேன். வேணும்னா தோண்டிப் பாருங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. அடுத்த ஆளின் பேரைக் கூப்பிட்டார்.

பஸ் நிற்கிற இடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார்கள். ஆண்டியப்பன் வெறும் மஞ்சள் துணியைக் கையில் பிடித்திருந்தான். அவள்தான் கேட்டாள்.

"ரோலருக்குக் கைய குடுத்தவன்னு தோட்டமே சிரிச்சப்பக்கூட நான் வாயத் தொறக்கல. இன்னிக்கு நீங்க ஏங்க தொறந்தீங்க?"

"உன்னப் போயி பொய்க்காரின்னு சொன்னான் புள்ள. எனக்குப் பொறுக்கல."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வருசமாக அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கோபம் இப்போதுதான் அந்தக் கண்ணில் வந்திருந்தது.

"நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன். உங்களுக்கென்ன? இங்கன இருந்திருப்போம்ல."